எள்ளலுக்கும் உடைமையாளர் உண்டோ?

பிறர் எள்ளினால் குற்றம்; தாமே எள்ளினால் வாணிகம்! இங்கிலாந்தின் பெரும் பதிப்பகமொன்று உலகுக்குக் காட்டிய முறைமை இதுதான்.

இலேடிபேர்டு நூல்கள் அந்நாட்டுக் குழந்தைகளின் கைகளில் தலைமுறை தலைமுறையாகத் தவழ்ந்தவை. இலவ்பரோ நகரில் அச்சேறிய அச்சிறு பொத்தகங்கள், ஒரே பெருந்தாளை மடித்து 56 பக்கமாக்கிய செட்டினால் பல்லாண்டு விலையேறாமல் விற்றன. ஒரு பக்கம் எழுத்து. எதிர்ப்பக்கம் வண்ண ஓவியம். மேலட்டையைக் கண்ட அளவிலேயே ‘இது பிள்ளைக்குக் கற்பிக்கும் நூல், இதிற் பொய்யிராது’ என்று பெற்றோர் நம்பினர். 1964இல் தொடங்கிய படிப்பு வரிசையின் பீட்டரும் சேனும் அழுக்குப்படாத உடையுடன், அடங்காமை இன்னதென்றே அறியாத பிள்ளைகளாய் உலவினர்!

அந்த நம்பிக்கையையே மிரியம் எலியா என்னும் ஓவியர் 2014இல் தம் நகைக்குக் களனாக்கினார். தாயொருத்தி இரு குழந்தைகளை இக்காலக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்கிறாள். ஒன்றுமில்லா வெற்றறையைக் காட்டி, வாழ்வும் அவ்வாறே வெறுமை என்று மழலையர்க்குரிய சிறுசிறு தொடர்களில் கற்பிக்கிறாள். மேலட்டையோ அப்படியே இலேடிபேர்டு! நகையின் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்த தொல்காப்பியர் இதைக் கண்டிருப்பின் முறுவலித்திருப்பார்.

இலேடிபேர்டின் உடைமையாளராகிய பெங்குவின் நிறுவனம் முறுவலிக்கவில்லை. பதிப்புரிமை மீறல் என்று வழக்குரைஞரை ஏவியது. எலியா பின்வாங்கினாரல்லர். குழந்தைகளுக்குச் சான், சூசன் எனப் பெயர் மாற்றினார். தம் பதிப்பகத்திற்குச் ‘சாணவண்டு’ என்று பெயரிட்டார். (இலேடிபேர்டு என்பதும் ஒரு வண்டின் பெயரே, அழகிய செவ்வண்டு.) அவ்வாண்டு அக்தோபர் முதல் நாள், நகைப்போலிக்கு ஓரளவு இடந்தரும் சட்டத்திருத்தமும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததுதான் வேடிக்கை. கணவன், மனைவி, குடிமயக்கின் மறுநாள் தலைவலி என்று, ‘வளர்ந்தோர்க்கான இலேடிபேர்டு நூல்கள்’ வரிசை 2015இல் வெளிவந்தது. அதே அட்டை, அதே பழைய ஓவியங்கள், அதே நகை. வெளியிட்டது யார்? பெங்குவின் நிறுவனமே! பல இலக்கம் படிகள் விற்றன.

‘ஓவியங்கள் அவர்தம் உடைமை, ஆளுவதற்கு அவர்க்கு உரிமையுண்டு’ என்பர் சிலர். உண்டு, யார் மறுத்தார்? ஓவியத்திற்கு உடைமையாளர் இருக்கலாம். அட்டையின் போக்கைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புக்குமா?

பெங்குவின் பிறந்த வரலாறுதான் என்ன? 1932இல் செருமனியில் தோன்றிய அல்பட்ராசு பதிப்பகம் அடக்கமான அளவில், நூல்வகைக்கொரு வண்ணமிட்டு, கடற்பறவையின் பெயரில் நூல்களை வெளியிட்டது. 1935இல் ஆலன் இலேன் பெங்குவினைத் தொடங்கியபோது அந்த அளவையும் அந்த வண்ணமுறையையும் பின்பற்றினார். புதினத்திற்குச் செம்மஞ்சள், துப்பறிகதைக்குப் பச்சை. பெயரும் பறவையே! பறவையைப் பார்த்துப் பறவை வைத்தவர், வண்டைப் பார்த்து வண்டு வைத்தவரை எந்த வாயால் தடுப்பது?