தொப்பி பொதுவாம், பாகை தனியாம்!

இங்கிலாந்து நாட்டிலே வுல்வர்ஹாம்ப்டன் என்றோர் ஊர். பூட்டும் இரும்புச் சாமானும் செய்து பேர் பெற்ற தொழில் நகரம். 1967-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் அவ்வூர் நகராட்சி பஸ் ஓட்டுநர் ஒருவர், தர்சேம் சிங் சந்து என்பவர், நோயுற்று மூன்று வாரம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். போகும்போது மழித்த முகம். வரும்போது தாடியும் தலைப்பாகையும். அவர் சீக்கியர். இனித் தம் நெறியை வழுவாது பேணுவது என்று முடிவு செய்து வந்திருந்தார். வந்த வழியே வீட்டுக்கு அனுப்பிவிட்டது நிர்வாகம்.

குடித்துவிட்டு வந்தாரா? இல்லை. வண்டியைக் கொண்டுபோய் மோதினாரா? இல்லை. வசூல் பணத்தில் கை வைத்தாரா? அதுவும் இல்லை. தொப்பி இருக்கவேண்டிய இடத்தில் பாகை இருந்தது — குற்றம் அவ்வளவே! விதி என்றனர், விதி எல்லோருக்கும் பொது என்றனர். சீக்கியர் ஆயிரக்கணக்கில் திரண்டு 1968 பிப்ரவரியில் ஊர்வலம் நடத்தினர். விதி அசையவில்லை. கடைசியில் சோகன் சிங் ஜாலி என்ற முதியவர், தடை நீங்காவிடில் தீக்குளிப்பேன் என்று நாள் குறித்தார். 1969 ஏப்ரல் 9-இல் தடை விலகியது. தீக்குளிப்பை நாம் போற்றமாட்டோம். 1964-இல் கீழப்பழுவூர் சின்னச்சாமியைப் பறிகொடுத்தவர்கள் நாம், நெருப்பின் விலை நமக்குத் தெரியும். ஆனால் ஒரு துணி விவகாரத்துக்காக ஒரு கிழவரை அந்த எல்லைக்குத் தள்ளிய அதிகாரத்தை என்னென்பது!

கழகத் தோழர் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. "நாம் பகுத்தறிவு பேசுவோர். மயிரைக் கத்தரிக்காதே என்று கட்டளையிடும் மதத்துக்கு நாமா வக்கீல்?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மயிர் வளர்த்தால் மேன்மை வரும் என்று நாம் நம்பவில்லை. அதைச் சீக்கியத் தோழரிடம் நேருக்கு நேர் சொல்வோம். அவர் நம்மோடு வாதாடட்டும்; ஒப்பினால் மகிழ்வோம், ஒப்பாவிட்டால் ஒன்றாகத் தேநீர் அருந்திவிட்டுப் பிரிவோம். சம்பளக் கவரை ஒரு கையில் நீட்டி, பாகையைக் கழற்று என்று மறு கையால் மிரட்டுகிறானே, அவன் நடத்துவது வாதமா? அவனுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன உறவு?

மேலும், அந்தத் தொப்பி மட்டும் வானத்திலிருந்தா இறங்கியது? அந்நாட்டுப் பெரும்பான்மையோர் பழக்கத்தில் பிறந்ததுதானே! பெரும்பான்மையோர் பழக்கத்துக்குச் சீருடை என்று பெயர். சிறுபான்மையோர் பழக்கத்துக்கு மதம் என்று பெயர். ஞாயிறு விடுமுறை எந்த மதத்தார் வகுத்த நாள் என்று எவரும் கேட்பதில்லை. 1914-இல் பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளிலே, வெள்ளையர் சாம்ராஜ்யத்துக்காகச் சீக்கியச் சிப்பாய் நின்றது இதே பாகையோடுதான். அன்று இந்த விதிப்புத்தகம் எந்தப் பெட்டியில் உறங்கியது? குண்டடிபட்டுச் சாகப் பாகை தடையில்லை. பஸ் ஓட்டத்தான் தடை!

இனி, தொழிலாளத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய கதைக்கு வருவோம். அதே வுல்வர்ஹாம்ப்டனின் தென்மேற்குத் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் ஈனக் பவல். கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1968 ஏப்ரல் 20-இல் பர்மிங்காமில் பேசினார். குடியேறி வருவோரால் நாட்டில் குருதி ஓடும் என்ற பொருள்பட எச்சரித்த அந்தப் பேச்சில், சீக்கியரின் இந்தக் கிளர்ச்சியையும் இழுத்துப் போட்டார். அவரது கட்சித் தலைவர் எட்வர்டு ஹீத் மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அதற்கும் இரண்டு நாள் கழித்து நடந்ததுதான் வேதனை. லண்டன் துறைமுகத் தொழிலாளர், ஆயிரம் பேர் அளவில், வேலையை நிறுத்திவிட்டுப் பாராளுமன்றத்தை நோக்கி நடந்தனர். யாருக்காக? பவலுக்காக!

மூட்டை தூக்கும் கைகள், பஸ் ஓட்டும் கைகளுக்கு எதிராக உயர்ந்தன. அவர்களை வெறியர் என்று சொல்லி ஒதுக்கிவிட நம்மால் ஆகாது. வேலை போய்விடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. வேலை போகத்தான் செய்தது. மேற்கிந்தியத் துறை என்று பேர் பெற்ற அவர்களது துறைமுகம் 1980-இல் மூடப்பட்டது. மூடியது பாகை அணிந்தவனா? கன்டெய்னர் என்ற இரும்புப் பெட்டி! பல கைகள் பல நாள் இறக்கிய சரக்கைச் சில கைகள் சில மணி நேரத்தில் இறக்கும் ஏற்பாடு வந்தது. பெரிய கப்பல்கள் டில்பரிக்கும் பிற துறைகளுக்கும் போயின. பவலின் பேச்சிலே கன்டெய்னரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்தத் துறைமுகம் இருந்த இடத்தில் இன்று வங்கிகளின் மாடமாளிகைகள் நிற்கின்றன; கேனரி வார்ஃப் என்கிறார்கள். பாகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன் பெட்டி வந்ததைப் பார்க்கவில்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. பாகை அணிந்த சீக்கியர் ஹெல்மெட் இன்றி மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்றது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். பாகை அணிந்த சிறுவனைச் சேர்க்க மறுத்த பள்ளியின் வழக்கில், இனப் பாகுபாட்டுச் சட்டம் சீக்கியரையும் காக்கும் என்று 1983-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1989-இல் கட்டுமான வேலைக்கும் விலக்கு வந்தது. அதிலே ஒரு கொக்கி உண்டு. பாகை அணிந்த தொழிலாளிக்கு அடிபட்டால், ஹெல்மெட் அணிந்திருந்தாலும் எவ்வளவு காயம் பட்டிருக்குமோ, அந்த அளவுக்குத்தான் முதலாளி பொறுப்பு. மிச்சம் தொழிலாளி தலையில்! தன் தலைக்குத் தானே பொறுப்பு என்பவரின் உரிமையை நாம் ஒப்புகிறோம். ஆனால், சாரத்தைச் சரியாகக் கட்டாத முதலாளி இந்தக் கொக்கியைப் பிடித்துத் தப்பிவிடாதபடி சங்கம் காவல் இருக்கவேண்டும்.

மதச்சார்பின்மையின் பெயராலேயே பாகையைக் கழற்றச் சொல்லும் இடமும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலம் 2019 ஜூனில் சட்டமியற்றி, ஆசிரியரும் போலீசாரும் பணியில் மதச்சின்னம் அணியலாகாது என்றது. அம்மாநிலச் சட்டமன்றத்தில் 1936 முதல் தொங்கிய சிலுவை இறங்கியதோ அதற்கடுத்த மாதம்! அண்ணா ஆட்சியில் 1968-இல் அரசு அலுவலகங்களில் கடவுள் படங்களை அகற்றச் சொன்ன ஆணையை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். சுவர் அரசாங்கத்துடையது. ஆசிரியரின் தலை ஆசிரியருடையது. இந்த வேறுபாடு தெரியாதவர் நம் அணியிலும் இருக்கக்கூடும்.

வெளிநாட்டானை ஏசிவிட்டு உள்நாட்டை மறப்பது நமது வழக்கமல்ல. 1984 நவம்பரில், இந்தியத் தலைநகரில், பாகை அடையாளம் காட்டிக் கொடுத்தது. டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. உயிருக்கு அஞ்சி முடியை வெட்டிக்கொண்டவர் பலர். 2005-இல் பிரதமர் மன்மோகன் சிங் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது ஆண்டு 2018!

சீக்கியரோடு நமக்கு ஒரு பழங்கணக்கும் உண்டு. 1924-இல் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்குப் போர் நடந்தபோது, பெரியார் சிறை புகுந்த அந்தப் போரிலே, பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து இலவச உணவுச்சாலை நடத்தினர். காந்தியார் அதை விரும்பவில்லை. நாம் அந்தச் சோற்றை மறக்கவில்லை. மறக்காததால்தான் உரிமையோடு கேட்கிறோம். நெசவாளி கபீரும் செருப்புத் தைத்த ரவிதாசும் பாடியவற்றைத் திருநூலில் சேர்த்து வணங்குவோரே, பஞ்சாப் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சீக்கியருக்குத் தனிக் குருத்துவாரா எதற்கு? தனிச் சுடுகாடு எதற்கு? 2009-இல் வியன்னா நகரில் ரவிதாசியரின் வழிபாட்டிடத்திலே புகுந்து அவர்கள் குரு ஒருவரைக் கொன்றார்களே, அந்தக் குருதிக்கு என்ன பதில்? பாகையைக் காக்க வுல்வர்ஹாம்ப்டன் வீதியில் திரண்ட ஆயிரங்கள், அந்தச் சுடுகாட்டுச் சுவரை இடிக்கத் திரளும் நாள் எந்நாள்?