சம்மன் கட்டணம் யாருக்கு?

சென்ற மாதம் நம் குடியிருப்பு அன்பர் ஒருவர், தங்கை மகள் திருமணத்திற்காக ஊர் சென்று திரும்பினார். மணவீட்டிலிருந்து வந்தவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். காரணம் வினவினோம். தந்தையார் விட்டுச் சென்ற வீடும் நிலமும் முழுவதும் தமக்கே உரியவை என்று தமையனார் வழக்குத் தொடுத்து, இரண்டாண்டுகளுக்கு முன்பே ஒருதலைத் தீர்ப்பும் பெற்றுவிட்டாராம். பிரதிவாதியாகிய நம் அன்பர் ஆஜராகவில்லை என்பது தீர்ப்பிற்குக் காரணம். ஆஜராவது எங்ஙனம்? சம்மன், அவர் 20 ஆண்டுகளாக வசிக்காத கிராமத்து வீட்டின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அவரோ அதே நாட்களில் இங்கே இரயில்வே பணிமனையில் காலைதோறும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தார்.

தாயகம் விட்டுப் பிழைக்க வந்த நம்மவர் எவருக்கும் இது நேரக்கூடும். ஆகவே, இம்மாதம் சம்மனையும், அதற்கெனச் செலுத்தப்படும் கட்டணத்தையும் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வழக்குத் தொடுப்பவர் முத்திரைக் கட்டணத்தோடு, சம்மன் சேர்ப்பிப்பதற்கென்று தனிக் கட்டணமும் செலுத்துகிறார். நம் ஊர்ப்பக்கத்தில் இதனைப் பேட்டா என்பர். இப்பணம் எதற்காக வாங்கப்படுகிறது? 1870ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தைப் புரட்டினால் விடை தெளிவாகவே இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு, சம்மன் முதலியவற்றைச் சேர்ப்பிக்கும் கட்டணத்தையும், அவற்றை எடுத்துச் செல்லும் சேவகர்களின் ஊதியத்தையும் பற்றி விதிகள் செய்யும் பொறுப்பை உயர்நீதிமன்றத்திடம் ஒருங்கே ஒப்படைத்தது. 21ஆம் பிரிவு, கட்டண அட்டவணையை மக்கள் கண்ணில் படும்படி அவரவர் மொழியிலும் நீதிமன்றத்தில் தொங்கவிடச் சொன்னது. 22ஆம் பிரிவு, எத்தனை சேவகர் தேவை என்பதை நிர்ணயிக்கச் சொன்னது. கட்டணமும் ஆளும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருந்தன என்பது இதனால் விளங்கும். சென்னை மாநிலம் 1955இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றிக் கொண்டது.

அப்படியானால், கட்டணத்தை நேரே சேவகரிடமே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இம்முறை உண்டு. அங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் கான்ஸ்டபிள்கள் மாதச் சம்பளமின்றி, நிறைவேற்றும் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய கட்டணத்தைக் கொண்டே வாழ்கின்றனர். ஆயினும், அந்நாட்டின் மத்திய அரசு தன் மார்ஷல்களுக்கு இருந்த கட்டண முறையை 1896இலேயே ஒழித்துச் சம்பளம் வகுத்துவிட்டது.

நாம் சம்பளத்தின் பக்கமே நிற்கிறோம். எம் காரணம் பார்சல் ஆபீசில் கற்றது. மூட்டைக்குக் கட்டணம் செலுத்துபவர் அனுப்புகிறவர். மூட்டையோ பெறுகிறவருக்கு உரியது. அனுப்புகிறவர் தரும் காசில் எழுத்தர் வயிறு வளர்த்தால், பெறுகிறவரின் நலனைக் கவனிப்பவர் யார்? சம்மனும் அத்தகையதே. கட்டணம் செலுத்துபவர் வாதி. சம்மன் சேராவிடில் நஷ்டமடைபவர் பிரதிவாதி. வீதத்திற்குக் கூலி பெறும் சேவகர், கதவில் ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரையவே எண்ணுவார்.

ஆனால், நம் நாட்டில் சேவகர் சம்பளம் பெற்றும் நம் அன்பர் கதி இவ்வாறாயிற்றே! இங்கே குறை வேறிடத்தில் இருக்கிறது. கட்டணம் மாநிலக் கஜானாவில் சேருகிறது. அங்கே அது மற்றப் பணத்தோடு கலந்துவிட்டபின், சம்மன் சேர்க்கப் போதிய ஆட்கள் இருக்கின்றனரா, அவர்கள் போய்வரும் செலவு சரியாகக் கிடைக்கிறதா என்று அப்பணம் கேட்பதில்லை. சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் கூறியது நினைவுகூரத் தக்கது. நீதிமன்றக் கட்டணம் வரியன்று; சிவில் நீதி நிருவாகச் செலவோடு அதற்குப் பொதுவானதொரு பொருத்தம் இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து. நாம் வேண்டுவதும் அதுவே. சம்மன் கட்டணம் சம்மன் வேலைக்கே செல்லட்டும்; சேவகருக்கு அது கூலியாக அன்றி, நிலையான சம்பளமாகவும், பயணப்படியாகவும், போதிய துணை ஆட்களாகவும் சென்று சேரட்டும்.

இதனால் வரும் பயன் என்ன? பிரதிவாதி வழக்கமாக வசிக்கும் வீட்டில்தான், அதுவும் தக்க முயற்சி செய்து அவரைக் காண இயலாதபோதுதான், சம்மனை ஒட்டலாம் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். வீட்டை அடையாளம் காட்டியவர் எவரேனும் இருந்தால் அவர் பெயரையும் அறிக்கையில் எழுத வேண்டும். அவசரமில்லாத சேவகராயின், “இவர் இப்போது எங்கே இருக்கிறார்?” என்று அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கேட்டிருந்தால், இரயில்வேயில் வேலை என்று சிறு குழந்தையும் சொல்லியிருக்கும். அந்த ஒரு கேள்வியின் விலைதான் சம்மன் கட்டணம்.

2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கூரியர் மூலமும் சம்மன் அனுப்ப வழி ஏற்பட்டது. அவர்கள் பொய்யறிக்கை தரக்கூடும் என்ற அச்சம், சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது. ஆள் மாறினாலும் அச்சம் மாறவில்லை.

சட்டம் திருந்தும்வரை நாம் செய்யத்தக்கவை சில உள. சம்மனை வாங்க மறுத்தால் தப்பலாம் என்று எண்ணற்க. மறுத்தாலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வீட்டிலுள்ள பெண்மணிகள் வாங்கினாலும் அது செல்லும். ஆகவே அவர்களிடம் இதனைச் சொல்லி வையுங்கள். இரயில்வே ஊழியருக்கு அலுவலகத் தலைவர் வழியாகவே சம்மன் அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஊரிலுள்ள உறவினர்க்கும் பட்டாவிற்கும் இப்போதைய முகவரியைத் தெரிவித்து வையுங்கள். ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டாலும், சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதனை நீக்கக் கோரலாம்.

நம் அன்பர் திரும்பியபோது அந்த 30 நாட்களில் 12 கழிந்திருந்தன. வருகைப் பதிவேட்டின் நகலோடு அவரை மறுநாளே இரயிலேற்றினோம். 19ஆம் நாள் மனு தாக்கலாயிற்று. முடிவு இனித்தான் தெரிய வேண்டும். மனுவின் தலைப்பில், கிராமத்து முகவரிக்குப் பதிலாக, நம் குடியிருப்பின் வீட்டு எண்ணைத் தெளிவாக எழுதச் செய்திருக்கிறார்.