மீன் கணக்கைக் காப்பவரே தலைவர்

அரசுக் கடல் மீன்வள ஆய்வுக் குழுக்களின் தலைமை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை
துவாரகா, புது தில்லி

இந்தியக் கடல் மீன்வள ஆய்வுக்கு யார் தலைமை ஏற்பது என்பது கடற்கரையில் முடிவாவதில்லை, தில்லியில் முடிவாகிறது. கொச்சியில் தலைமையிடம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது பூசாவில் உள்ள வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம். பணம் ஒதுக்குவதும் கொள்கை வகுப்பதும் வேளாண் அமைச்சகம் இயங்கும் கிருஷி பவன். துவாரகாவின் அடுக்குமாடிகளிலிருந்து காலையில் மெட்ரோ பிடித்து அரசு அலுவலகங்களுக்குப் போகிறவர்களில் தமிழர்களும் உண்டு. சொந்த ஊர் கடலோரமாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் கூடும் இம்மன்றம் இந்தக் கேள்வியில் தன் நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறது.

நிலைப்பாடு இதுதான்: கரையில் எடுக்கப்படும் மீன்வரத்துக் கணக்கை எந்த அழுத்தத்துக்கும் வளையாமல் காப்பதே ஆய்வுக் குழுத் தலைவரின் முதல் கடமை. ஆளைத் தேர்வதும், பதவிக்காலமும், நிதியும், வெளியிடும் உரிமையும் அந்தக் கடமையை ஒட்டி அமைய வேண்டும். கட்டுரைகளின் எண்ணிக்கை, நிர்வாக அனுபவம் எல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு எப்படிப் பிறக்கிறது

நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள் உள்ளன. எல்லாவற்றிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் கடற்கரையை மண்டலங்களாகவும் மாதத்தைப் பத்துப் பத்து நாளாகவும் பிரித்து, குலுக்கல் முறையில் தளங்களையும் நாட்களையும் தேர்ந்தெடுக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது. தேர்வான தளத்துக்குக் கணக்கெடுப்பாளர் நண்பகல் 12 மணிக்கு வருகிறார். மாலை 6 வரை நிற்கிறார். மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்பி வந்து நண்பகல் வரை நிற்கிறார். இடைப்பட்ட இரவில் வந்த படகுகளை விசாரித்து எழுதிக்கொள்கிறார். பதினைந்து படகுகள் வரை வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பது விதி. அதற்கு மேல் போனால் மாதிரி எடுப்பார்.

சொல்ல எளிது. விசைப்படகு கரை தொட்டதும் ஏலம் தொடங்கிவிடும். கணக்குக்காக வியாபாரி காத்திருக்க மாட்டார். அந்த நெருக்கடியில் கூடைகளை எண்ண வேண்டும், ஒரு கூடையின் எடையை மதிப்பிட வேண்டும், கலந்து கிடக்கும் மீன்களை இனம் பிரிக்க வேண்டும். எந்த மடி போட்டார்கள், எத்தனை பாகம் ஆழம், எத்தனை மணி நேரம் இழுத்தார்கள் என்று படகோட்டியிடம் கேட்க வேண்டும். அவர் உண்மையைச் சொல்வது, கேட்பவர் மீதுள்ள நம்பிக்கையைப் பொறுத்தது. 2024-ல் இந்தியாவின் கடல் மீன்வரத்து 34.7 லட்சம் டன் என்று தில்லியில் ஒரு வரியாக வாசிக்கப்படும் எண், இப்படிச் சேர்ந்ததுதான்.

இந்த வேலையைத் தானே செய்து பார்க்காத ஒருவர், எண் எங்கே பிசகும் என்று ஊகிக்க முடியாது. ஆகவே தலைமைக்கு வருபவருக்குக் கரை அனுபவம் கட்டாயம் என்கிறது இம்மன்றம்.

கரையிலிருந்து வந்தவர்கள்

இது புதிய யோசனை அல்ல. 1947 பிப்ரவரி 3-ல் தொடங்கிய இந்நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் சிறிது காலம் ஒண்டியிருந்துவிட்டு, 1949-ல் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமுக்குப் போனது. 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அதுவே தலைமையிடம். 1950-களில் அங்கே தலைமை வகித்த என்.கேசவ பணிக்கர் பின்னர் தில்லியில் மத்திய அரசின் மீன்வள ஆலோசகரானார். 1966-ல் உருவான தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. மண்டபத்துக் கரையில் பெற்ற அனுபவம் அவரோடு தலைநகருக்கு வந்தது.

தூத்துக்குடியில் இந்நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சுவாமி 1973-ல் சிப்பிக்குள் கருவைப் பதித்து முத்து வளர்த்துக் காட்டினார். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கடலில், இந்திய விஞ்ஞானிகளின் கையில் வளர்ந்த முத்து அது. சென்னையில் 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கு அவரே பிற்பாடு தலைமை ஏற்றார். மண்டபத்தில் 2010-ல் கடல் விரால் குஞ்சுகளை நாட்டிலேயே முதன்முறையாகப் பொரிக்கச் செய்தவர்களும் கரையோரக் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர்கள்தாம்.

கசப்பான எண்ணைச் சொல்லும் உரிமை

கேரளத்தில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் 3,297 டன். பசிபிக் கடலின் எல் நினோ வெப்பமும், குஞ்சு மீன்களை அள்ளியதும் இந்தச் சரிவுக்குக் காரணமாக ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டன. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு சட்டம் கொண்டுவந்ததற்கு அடித்தளம் ஆய்வு நிறுவனம் தந்த அளவுகள். எண்ணை வெளியே சொல்ல முடிந்ததால்தான் அளவு வைக்க முடிந்தது.

சொல்ல முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா சாட்சி. நியூஃபவுண்ட்லாந்துக் கரையோர மீனவர்கள் 1980-களிலேயே காட் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று முறையிட்டார்கள். அரசின் மதிப்பீடு, ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள் கொண்டுவந்த மீன்வரத்தைப் பெரிதும் நம்பி, வளம் இருப்பதாகச் சொன்னது. மீன் கூட்டம் சுருங்கி ஓரிடத்தில் திரளும்போது அந்தக் கப்பல்களுக்கு நிறையவே கிடைக்கும் என்பது கணக்கில் வரவில்லை. 1992 ஜூலை 2-ல் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தனர். அரசின் தகவல் கட்டுப்பாடு அறிவியலை முடக்கியது என்று மூன்று விஞ்ஞானிகள் 1997-ல் ஆய்விதழிலேயே எழுதினார்கள். தடை விலக 2024 ஆயிற்று.

அரசு ஊழியர் அரசின் குரலில்தான் பேச வேண்டும் என்ற வாதம் உண்டு. கொள்கையைப் பொறுத்தவரை அது சரி. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளா, 2017 முதல் உள்ளபடி 61 நாளா என்பதை அரசு முடிவு செய்யட்டும். சுருக்குமடிக்குத் தமிழ்நாடு தடை விதித்தது. 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால ஏற்பாடு செய்தது. அதுவும் அரசும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டியது. ஆனால் இரு தரப்பும் கையில் எடுக்கும் மீன்வரத்து எண், எவருடைய வசதிக்காகவும் திருத்தப்பட்டதாக இருக்கக் கூடாது.

மோசமான எண் வெளியானால் ஏற்றுமதி பாதிக்கும் என்பது இன்னொரு வாதம். நடைமுறை நேர்மாறானது. திமிங்கிலம், ஓங்கில் போன்ற கடற்பாலூட்டிகளுக்கு இந்திய மீன்பிடிப்பால் தீங்கு எவ்வளவு என்று அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. நம்பத் தகுந்த கணக்கு காட்டும் நாட்டுக்கே சந்தை திறந்திருக்கும்.

ஒரு கடல், மூன்று அமைச்சகங்கள்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1967 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், அதாவது வேளாண் அமைச்சகத்தின் பக்கம். மும்பையில் தலைமையிடம் கொண்ட இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனம், 2019-ல் தனியாகப் பிரிந்த மீன்வள அமைச்சகத்தின் கீழ். சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலை இயக்கும் கொச்சி மையமும், மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கும் ஹைதராபாத் மையமும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசு. மத்திக் கூட்டத்துக்கு இந்த எல்லைகள் தெரியாது. கப்பல் நாட்களையும் தரவுகளையும் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம் குழுத் தலைவருக்கு இல்லையென்றால், ஒவ்வொரு கூட்டு ஆய்வுக்கும் கோப்பு தில்லியைச் சுற்றிவர வேண்டியிருக்கும்.

கோரிக்கைகள்

1. இயக்குநர், மண்டலத் தலைவர் பதவிகளுக்கு இறங்குதளக் கணக்கெடுப்பிலோ கப்பல் ஆய்விலோ நேரடி அனுபவம் கட்டாயத் தகுதியாக வேண்டும்.

2. இயக்குநருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் முழுமையாகக் கிடைக்க வேண்டும். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் பணி, இருப்பவர் விலகுவதற்கு முன்பே முடிய வேண்டும்.

3. ஆண்டு மீன்வரத்துக் கணக்கும் வள மதிப்பீடும் முன்கூட்டி அறிவித்த தேதியில், எந்த அமைச்சகத்தின் ஒப்புதலுக்கும் காத்திராமல் வெளியாக வேண்டும். பிழை எல்லையும் சேர்த்தே அச்சாக வேண்டும்.

4. கணக்கெடுப்பாளர் பணியிடங்கள் காலியாக விடப்படக் கூடாது. அவர்களுடைய பெயரும் அறிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

5. மூன்று அமைச்சகங்களின் கப்பல்களையும் தரவுகளையும் பயன்படுத்த ஒரே ஒப்பந்தம் வேண்டும்.

6. ஒவ்வொரு மாநிலத்திலும் நாட்டுப்படகு, விசைப்படகு இரு தரப்பு மீனவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீட்டைக் கேள்வி கேட்கும் கூட்டம் நடக்க வேண்டும். அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்குக் குழுத் தலைவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் உடனே செய்யக்கூடியவை. புதிய சட்டமோ புதிய நிறுவனமோ தேவையில்லை. வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் இவ்விரண்டையும் மீன்வளத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஏற்க வேண்டும் என்று இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது; கடலோரத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும் என்றும் வேண்டுகிறது.