வேலம்பாளையத்துக்கு ஒரு சின்னம் வேண்டாமா?

தாலுகா ஆபீஸில் வாங்கிய வருமானச் சான்றிதழை போனில் திறந்து பாருங்கள். மேலே ஒரு கோபுரம். எந்த ஊர்க் கோபுரம் அது?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதுதான் பலரும் சொல்லும் பதில். இல்லை, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்கிறது இன்னொரு தரப்பு. 1949-ல் சின்னத்தை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். முன்னதற்கு 11 நிலை, பின்னதற்கு 9 நிலை என்று படத்தை ஜூம் செய்து எண்ணுபவர்களும் உண்டு. கீழே சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடி, ‘வாய்மையே வெல்லும்’. இவற்றில் யாருக்கும் குழப்பமில்லை.

ஜெர்மனியில் குட்டி கிராமத்துக்குக்கூட கேடய வடிவில் தனிச் சின்னம் இருக்கும். அங்கே இந்தச் சண்டை வருவது கஷ்டம். காரணம், சின்னத்துக்கு ஆதாரம் படம் அல்ல, வாக்கியம். ‘சிவப்புப் பின்னணியில் வெள்ளிச் சாவி’ என்று எழுதிவிட்டால், யார் வரைந்தாலும் அது அதே சின்னம்தான். பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு சட்டெனப் புரியும்: பையர் அனுப்பும் டெக் பேக் மாதிரி. ஆனால் டெக் பேக் மில்லிமீட்டர் வரை கையைக் கட்டிப்போடும். இது ஓவியருக்குக் கொஞ்சம் இடம் விடும். நிறத்தில் மட்டும் கறார். மஞ்சள் மேல் வெள்ளை வரக் கூடாது. தூரத்திலிருந்து தெரியணுமே!

1960, 70-களில் மேற்கு ஜெர்மனி சுமார் 24,000 உள்ளாட்சிகளை 8,500 ஆகச் சுருக்கியது. நிர்வாகம் போனாலும் பல ஊர்களின் பழைய சின்னம் தீயணைப்புப் படையிலும் உள்ளூர் கிளப்புகளிலும் தொடர்கிறது.

‘15 வேலம்பாளையம்’ நகராட்சியும் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. மிஞ்சியது பெயரும் அந்த எண்ணும்தான். ஐரோப்பிய பிராண்டுகளின் லோகோவை ஒரு இழை பிசகாமல் தைத்து அனுப்பும் ஊருக்கு, தன்னுடையது என்று தைத்துக்கொள்ள ஒரு சின்னம் இல்லை. இது வெறும் அலங்கார ஆசை அல்ல. வார்டு எண்ணாகச் சுருங்கிய ஊர், சாக்கடைக்கும் குடிநீருக்கும் குரல் கொடுத்தாலும் வெறும் எண்ணாகத்தான் காதில் விழும்.

என்ன வைக்கலாம்? சேரரின் வில் அழகுதான். ஆனால் கொங்கில் எந்த ஊருக்கும் அது பொருந்தும். பெயரிலேயே இருக்கும் வேல்? ஊர்ப் பெயரை வைத்து விளையாடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம்; பெர்லினின் கரடி அப்படி வந்ததே என்பார்கள். இல்லை, நூல்கண்டும் ஊசியுமா? ஒடிசாவிலிருந்து வந்து இங்கே டெய்லராக இருப்பவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதுவானாலும், வரையும் முன் ஒரு வரியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் 70 வருஷம் கழித்து, இது எந்த கம்பெனி ஊசி என்று ஜூம் செய்துகொண்டிருப்பார்கள்.