கடைவாசல் கூடம் ஆகாது

ஓவியர்களும் சிற்பிகளும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கூட்டு ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. ‘இனி கூடம் எதற்கு? இன்ஸ்டாகிராம் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கலைஞர்களின் சமூகம் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.’ கேட்பதற்கு நவீனமாக ஒலிக்கும் இவ்வாதம், கலைஞர்கள் ஏன் கூடினார்கள் என்ற வரலாற்றை அறியாததன் விளைவு என்றே கருதுகிறோம். இணையத்தின்மீது எங்களுக்குப் பகை இல்லை. ஆனால் இன்று அங்கே நடப்பதற்குச் சமூகம் என்று பெயரிடுவதை ஏற்க இயலாது.

1966-இல் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அந்த மணல்வெளியை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருட்களையும் கலைஞர்களே செய்து விற்றார்கள். பிழைப்புக்குக் கைவினை, மிச்ச நேரத்தில் தன் ஓவியம் என்று வாழ்வைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உழைப்பும் செலவும் நிலமும் பொதுவாக இருந்ததால்தான் சச்சரவும் விமர்சனமும் பொதுவாயின. நட்பு பிறகு வந்தது. சிலரிடையே வராமலும் போயிருக்கலாம். கூடம் என்பது இதுதான்.

எந்தக் கூட்டு ஸ்டுடியோவுக்கும் இது பொருந்தும். எட்சிங் அச்சுப்பொறியையும் சுட்மண் சூளையையும் தனியொருவர் வாங்கி வைத்துக்கொள்வது எளிதல்ல. எனவே முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். அடுத்தவர் தகடு அமிலத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று பார்க்கிறார்கள். சூளையில் வெடித்த பானை எல்லோருக்கும் பாடமாகிறது. முடியாத படைப்பை, தோற்ற படைப்பை ஒருவர் மற்றவரிடம் காணும் இடம் அது.

இன்ஸ்டாகிராமில் நாம் காண்பதோ முடிந்த படைப்பின் ஒளிப்படம், அதன்கீழ் வரிசையாக இதயங்கள். தோல்வி அங்கே வருவதில்லை. எனவே கற்றலும் வருவதில்லை. இதைக் கடைவாசல் என்று அழைப்பதே நேர்மை. கடைவாசலுக்கும் தேவை உண்டு, விற்றால்தான் அடுப்பெரியும். ஆனால் அந்தக் கடையின் கூரைகூடக் கலைஞருக்குச் சொந்தமில்லை. 2015 வரை அத்தளம் சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. நெடிய ஓவியம் வெட்டுப்படவேண்டும், அல்லது வெள்ளை ஓரங்களுக்கிடையே சுருங்கவேண்டும். 2021-இல் அதன் தலைவரே, ‘இது இனி வெறும் ஒளிப்படப் பகிர்வுச் செயலி அல்ல’ என்று அறிவித்துக் காணொளியின் பக்கம் திரும்பினார். அசையாத ஓவியத்தைப் படைப்பவர் அன்று முதல் அங்கே இரண்டாந்தரக் குடிமகன்.

இரவல் இடத்தின் கதி என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஜியோசிட்டீஸ் 2009-இலும் ஆர்குட் 2014-இலும் மூடப்பட்டன. நம் இலக்கிய விவாதங்கள் பல நடந்த யாஹூ குழுமங்கள் 2020-இல் மறைந்தன. எழுத்தாவது அச்சில் கொஞ்சம் எஞ்சியது. ஓவியரின் பணிக்குறிப்புக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தில் உண்மை உண்டு: கூடங்கள் நகரத்தவருக்கும் அறிமுகம் பெற்றவர்களுக்குமே திறக்கின்றன, கும்பகோணத்திலோ மதுரையிலோ இருக்கும் இளம் ஓவியருக்கு இணையம்தான் கதவு. மறுக்கவில்லை. சோழமண்டலத்திலும் பெண்கள் சிலரே இருந்தார்கள். சென்னை ஓவியர்கள் 1961-இல் தொடங்கிய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழ் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் நவீன ஓவியத்துக்கு வாசகரைச் சேர்த்தவை சிற்றிதழ்கள். ஆதிமூலத்தின் கோடுகளை நம்மில் பலர் முதலில் கண்டது அவற்றில்தான். கூடத்தின் சுவரைத் தாண்டும் ஊடகம் அன்றே தேவைப்பட்டது. ஆனால் அந்த ஊடகத்தின் பின்னால் ஒரு கூடம் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. கூடத்தை இழுத்து மூடிவிட்டுக் கதவை மட்டும் திறந்துவைத்தால் கும்பகோணத்து இளைஞர் எதற்குள் நுழைவார்?

ஆகவே கூட்டு ஸ்டுடியோக்களை நடத்துவோரிடம் நாங்கள் கோருவது சில எளிய காரியங்கள். இணையத்தில் சொந்தப் பெயரில் ஓர் இடம் வையுங்கள். அதன் ஆண்டுச் செலவை, மின்கட்டணத்தைப் போலவே, உறுப்பினர் சந்தாவிலிருந்து கட்டுங்கள். அச்சுப்பொறியின் முறைப்பட்டியல், மெருகுக் கலவையின் அளவு, சூளையின் வெப்பக் குறிப்பு, வெளியான படைப்பின் ஆண்டு, அளவு, ஊடகம் ஆகிய எல்லாவற்றையும் தமிழில் அதில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை முடியாத படைப்புகளை வைத்து விவாதியுங்கள். வெளியூர்க் கலைஞர்களையும் அதில் அமர்த்துங்கள். படிகளை இரண்டு வன்தட்டுகளிலாவது சேமியுங்கள். இந்தியச் சட்டப்படி கலைஞர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கிறது. எனவே படங்களை வைத்துக்கொள்ளும் உரிமையை உயிரோடிருக்கும்போதே எழுத்தில் பெறுங்கள்.

சலிப்பூட்டும் வேலைகள்தாம் இவை. பாத்திக் துணிக்கு மெழுகு தடவுவதும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தச் சலிப்பைப் பகிர்ந்துகொள்ள முன்வராதவர்கள் பின்தொடர்வோரின் எண்ணிக்கையைக் காட்டிச் சமூகம் என்று பேசுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.