தரிசு என்று யார் சொன்னது?

எங்கள் கல்லூரிச் சுற்றுச்சூழல் கருத்தரங்கில் தோழர் ஒருவர் திரையில் படங்கள் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். முதல் படத்தில் சீமைக்கருவேலம் மண்டிய காய்ந்த நிலம். அடுத்த படத்தில் அதே நிலத்தில் வரிசை வரிசையாகச் சூரிய மின்தகடுகள். "ஒன்றுக்கும் உதவாத தரிசு, இன்று நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது" என்றார். அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

பின்வரிசையிலிருந்து முதுகலை மாணவி ஒருத்தி எழுந்தாள். இராமநாதபுரம் பக்கத்துப் பெண். "ஐயா, அந்த மாதிரிக் காடு தரிசு இல்லைங்க. எங்கம்மா வெறகு வெட்டுற எடம்" என்றாள். தோழர் சிரித்தார். "வளர்ச்சின்னா சில இழப்புகள் இருக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூடங்குளம் பற்றிப் பேசும்போது இதே வாக்கியத்தை யாராவது சொன்னால் கொதித்தெழுகிறவர் அவர்.

அன்று கை தட்டியதற்கான வெட்கம்தான் இந்தக் கட்டுரை.

நான் தமிழ் படித்தவள். சொற்களைச் சந்தேகப்படுவது என் தொழில். உழுது விதைக்காத நிலம் வருவாய்க் கணக்கில் தரிசு. வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட குளமும் பாதையும் மேய்ச்சல் வெளியும் புறம்போக்கு. ஊருக்கெல்லாம் பொதுவானதைக் குறித்த அந்தச் சொல் இன்று தெருவில் வசைச்சொல்லாகத் திரிகிறது. வரி கொடுக்காத நிலம் வீண். பிள்ளை பெறாத பெண்ணும் வீண். இரண்டையும் ஒரே வாய்தான் ஏசுகிறது. மத்திய அரசு 2000-ல் முதன்முதலாக வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் ஒரு வகை. ஆடு மேய்கிற இடத்தையே தரிசு என்று எழுதிவிட்டால், பிறகு ஆட்டுக்காரியிடம் எதைக் கேட்க வேண்டியிருக்கிறது?

இது முதல்முறையல்ல. 2003-ல் திட்டக்குழுவின் குழு ஒன்று, காட்டாமணக்கை நட்டால் தரிசெல்லாம் டீசல் சுரக்கும் என்று பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைதோறும் அதைச் சொன்னார். பசுமை ஆர்வலர்கள் பலரும் வழிமொழிந்தார்கள். தமிழ்நாட்டிலும் ஒப்பந்த முறையில் நட்டார்கள். தண்ணீர் இல்லாமல் அது சொன்னபடி காய்க்கவில்லை. நட்ட விவசாயிகளே பிடுங்கிப் போட்டார்கள். அப்போது அந்தச் செடியின் பெருமையாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, ஆடு மாடு அதைத் தின்னாது என்பது. நான்கு வெள்ளாடு வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது பெருமையா, சாபமா? கேட்டவர் யாரும் இல்லை.

பிறகு காட்டாமணக்கின் இடத்துக்குச் சூரியன் வந்தது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது கொண்டாடினார்கள். அதே 2016-ல்தான் ஏழைப் பெண்கள் பெயரில் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டமும் வந்தது. இணைப்பு வந்தது. காலியான சிலிண்டரை நிரப்பக் காசு வேண்டுமே! காசில்லாத மாதத்தில் அடுப்பு மறுபடியும் விறகைக் கேட்கிறது. விறகு கிடைத்த இடத்திலோ வேலி. தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி போகிறது. கீழே அவள் இன்னும் இரண்டு மைல் கூடுதலாக நடக்கிறாள். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புகையில்லா மின்சாரம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அடுக்களை இல்லையா?

நிலத்தை விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள் என்பார்கள். விலை பட்டாதாரருக்கு. பட்டாவில் பெண் பெயர் எத்தனை வீடுகளில் இருக்கிறது? கர்நாடகத்தின் பாவகடா சூரிய மின் பூங்காவை நல்ல முன்மாதிரி என்று காட்டுவார்கள். அங்கே சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், ஆண்டுக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். நில உரிமையாளருக்கு நல்ல ஏற்பாடுதான். அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு? அவளுக்குக் குத்தகையும் இல்லை, கூலியும் போயிற்று.

இன்னொன்றையும் நம் தோழர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பெரிய அனல்மின் நிலையம் ஒன்று வந்தால், 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். கூட்டம் கண்துடைப்பாகவே இருக்கட்டும். ஒரு பெண் எழுந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கலாம்; அது பதிவாகும். சூரியத் தகடு நிலையங்களுக்கு அந்த அறிவிக்கையின் கீழ் முன் அனுமதியே தேவையில்லை. பசுமை என்று பெயர் வைத்தாயிற்று, இனிக் கேள்வி எதற்கு? கருத்துக்கேட்பு இல்லாத நிலக்கரித் திட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போகிறவர்கள், கருத்துக்கேட்பு இல்லாத சூரியத் திட்டத்துக்குக் கை தட்டுகிறார்கள்.

"அப்படியானால் நிலக்கரியே இருக்கட்டும் என்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு போன கதை எனக்கும் தெரியும். பருவம் தப்பினால் முதலில் குடம் தூக்கி நடப்பவள் யார் என்பதும் தெரியும். சீமைக்கருவேலம் நிலத்துக்கு நல்லது என்றும் வாதாடவில்லை. ஆனால் அந்த மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களுக்கு அதற்குப் பதிலாக என்ன கொடுத்தோம் என்று கேட்பேன். சூரியன்மேல் எனக்குப் பகை இல்லை. சூரியனின் பெயரால் யாரையும் கேட்காமல் வேலி போடுகிறவர்கள்மேல் இருக்கிறது. அந்த வேலிக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொடுக்கும் நம்மவர்கள்மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுமுன் அதில் விறகு வெட்டியவள், ஆடு மேய்த்தவள், கீரை பறித்தவள் யாரென்று கிராம சபையில் கேட்டு எழுதுங்கள். பட்டா இல்லாதவளின் இழப்பும் இழப்பு என்று கணக்கில் சேருங்கள். பசுமைத் திட்டமானாலும் கருத்துக்கேட்பு நடத்துங்கள். பக்கத்து ஊர் அடுப்பில் என்ன எரிகிறது என்று பார்த்துவிட்டு, மெகாவாட் கணக்கைப் பிறகு சொல்லுங்கள்.

கருத்தரங்கு முடிந்ததும் அந்த மாணவியைத் தேடிப் போனேன். "நல்ல கேள்வி கேட்டம்மா" என்றேன். "கேட்டு என்ன மேடம், நீங்களும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அடுத்த முறை எந்த மேடையிலாவது யாராவது 'தரிசு' என்று சொன்னால், தோழிகளே, கை தட்டாதீர்கள். எழுந்து நில்லுங்கள். அவள் தனியாக நின்றுகொண்டிருப்பாள்.