ஆறடி நடைபாதை

வியன்னா போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "அரண்மனை பாத்தீங்களா? மொசார்ட் கச்சேரி கேட்டீங்களா?" என்கிறார்கள். இல்லை சாமி. நானும் தங்கமணியும் ஒரு நாள் முழுக்க நடந்தோம். அவ்வளவுதான்.

காலையில் ஸ்டெஃபான் தேவாலய வாசலில் ஆரம்பித்தோம். 1974-ல் நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய கெர்ட்னர் தெரு, ஆப்பரா, நாஷ்மார்க்ட் சந்தை, கடைசியாக மரியாஹில்ஃபர் தெரு. தாகம் எடுத்தால் தெருக்குழாய். ஆல்ப்ஸ் ஊற்றுத் தண்ணீரை 1873-லேயே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கால் வலித்தால் பெஞ்ச்.

மதியம் தங்கமணி சொன்னாள்: "என்னங்க, கவனிச்சீங்களா? காலையிலேர்ந்து பக்கத்துல பக்கத்துல நடக்கறோம்."

சுருக்கென்றது. நாக்பூருக்கு வந்து பதினோரு வருஷம். அங்கே நான் முன்னால், அவள் பின்னால். ஆணாதிக்கம் எல்லாம் இல்லை, இடம் இல்லை. ரெண்டு வருஷம் முன்பு நடைபாதையில் நின்ற பைக்குக்காக ரோட்டில் இறங்கித்தான் விழுந்தாள். முழங்கால் இன்னும் சரியாகவில்லை.

உடனே "ஜனத்தொகை சார்" என்பீர்கள். வியன்னாவில் இருபது லட்சம் பேர். 2011 கணக்குப்படி நாக்பூரில் 24 லட்சம். ரொம்ப வித்தியாசமா?

"அவங்களுக்கு ஒழுக்கம் ஜாஸ்தி." அதுவும் கதை. மரியாஹில்ஃபர் தெருவில் காரைக் குறைக்கப் போனபோது வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் கூச்சல்தான். 2014-ல் அந்தப் பகுதி மக்களிடம் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஆதரவு 53 சதவீதம். கிட்டத்தட்ட பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் செய்தார்கள்.

"சட்டம் இல்லை." இருக்கிறது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி இருக்கவேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-லேயே எழுதிவிட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது.

அப்புறம் யார் தடுக்கிறார்கள்? தள்ளுவண்டிக்காரரைக் கை காட்டாதீர்கள், அவருக்கு அது வயிற்றுப்பாடு. காட்டவேண்டியது என்னைப் போன்றவர்களை. எங்கள் கிளையின் ஜெனரேட்டர் நிற்பது நடைபாதையில். அதை அங்கே வைக்க வவுச்சரில் கையெழுத்துப் போட்டது யார்? பி.காம். படித்த நான்தான். வாடகை மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷம் வேறு. அந்தச் செலவு யார் முழங்காலில் பற்று எழுதப்பட்டது என்று எந்த லெட்ஜரிலும் வராது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஜெனரேட்டரைப் பின்கட்டுக்கு மாற்றினேன். நாலு பேர் முறைத்தார்கள், பரவாயில்லை. இப்போது எங்கள் கிளை வாசலில் எட்டடி தூரம் ரெண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். ஒன்பதாவது அடியில் பக்கத்துக் கடைக்காரர் பைக் நிற்கிறது.

உங்கள் வாசலில் என்ன நிற்கிறது?